ரேந்தைத் தலையணை

என் பெரியம்மைக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். கல்யாணமாகித் திருவனந்தபுரத்துக்குப் பஸ்ஸில் வந்தபோது அவள் கொண்டுவந்த சாமான் இரண்டு. ஒன்று தகரப்பெட்டி; அது பஸ்ஸின் மேலே ஏறியது. இன்னொன்றை அவள் மடியை விட்டு இறக்கவில்லை. வைக்கோலை இடித்து இடித்துத் திணித்துக் கல் மாதிரி ஆக்கிய ஓர் உருளைத் தலையணை அது. வெள்ளைத் துணியில் சுற்றியிருந்ததால் கைக்குழந்தை என்று நினைத்து, தக்கலையில் ஏறிய ஓர் அம்மாள் அவளுக்கு ஜன்னலோரத்தை விட்டுக் கொடுத்தாளாம்.

திருவனந்தபுரத்து ஸ்ரீவராகத்தில் அவர்கள் வீடு, கோயில் குளத்துக் காற்று வந்து சேரும் தெருவில். பெரியப்பா காலையில் சாலைக் கம்போளத்துக்கு வேலைக்குப் போய்விடுவார். மதியச் சோறு முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததும் பெரியம்மை வாசற்படிக்குப் பக்கத்தில் தலையணையோடு உட்காருவாள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் தொடங்கும். நூல் சுற்றிய சின்னச் சின்ன மரக்கட்டைகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம். ஓட்டுக்கூரையில் தூறல் விழுகிற மாதிரி இருக்கும். கோடை விடுமுறைக்குப் போகும் எனக்கு ஸ்ரீவராகம் என்றால் முதலில் அந்தச் சத்தம், அப்புறம்தான் குளம், கோயில், அடுத்த வீட்டு அக்கா தரும் பழம்பொரி.

அவள் செய்தது ரேந்தை. இன்றைக்கு எல்லாரும் லேஸ் என்கிறார்கள். ரேந்தை போர்ச்சுகீசியச் சொல்; அவர்கள் ரெண்டா என்பார்கள். சாவி, சன்னல், அலமாரி, மேசை, பாதிரி எல்லாம் வந்த வழியாகத்தான் இதுவும் நம் வாய்க்கு வந்தது. மலையாளத்திலும் இதே சொல், ரேந்த. அதனால் பாஷை சரியாக வராத முதல் வருஷத்திலேயே பெரியம்மை என்ன செய்கிறாள் என்று தெருவுக்கு விளங்கிவிட்டது.

சொல் போர்ச்சுகீசியருடையது என்றாலும், நாகர்கோவிலில் இந்தக் கைவேலையைத் தொடங்கிவைத்தவர் இங்கிலாந்துக்காரி ஒருத்தி. 1821-ல் நடந்தது அது. அவர் பெயர் மார்த்தா மால்ட். பெரியம்மை அந்தப் பெயரை ஏதோ சொந்தக்காரியைச் சொல்வது போலத்தான் சொல்வாள்: "மார்த்தாளுன்னு பேரு வச்சா வேலை விடுமா மக்களே? வேதத்துல பாத்தியா, மரியாள் காலடியில உக்காந்துட்டா, மார்த்தாளுக்குத்தான் அடுக்களை."

அந்த அடுக்களையிலிருந்துதான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். மிஷனரி வரலாறுகளில் பிரசங்க மேடையும் அடிக்கல்லும் நிறைய வந்துவிட்டன.

லண்டன் மிஷன் சங்கம் 1795-ல் தொடங்கியது. தென்திருவிதாங்கூரில் அதன் வேலையை 1806-ல் மயிலாடியில் தொடங்கிவைத்தவர் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியர். அவர் 1816-ல் போய்விட, 1818 தொடக்கத்தில் சார்லஸ் மீட் வந்தார். அப்போது திருவிதாங்கூரை ஆண்டது ராணி கௌரி பார்வதிபாய். பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த கர்னல் மன்றோ மிஷனுக்கு நாகர்கோவிலில் ஒரு பங்களாவை வாங்கிக் கொடுத்தார்; ராணியும் உதவினார். 1819 புத்தாண்டு நாளில் இன்றைய ஹோம் சர்ச்சுக்கு அடிக்கல் நட்டார்கள். அந்த வருஷ முடிவில் சார்லஸ் மால்ட்டும் மார்த்தாவும் வந்து சேர்ந்தார்கள். இங்கிலாந்திலிருந்து ஆப்பிரிக்காவின் தெற்குமுனையைச் சுற்றித்தான் அப்போது கப்பல் வரவேண்டும். சூயஸ் கால்வாய் வர இன்னும் ஐம்பது வருஷம் இருந்தது. அம்மாவுக்கு எழுதிய கடிதம் போய்ச் சேர்ந்து பதில் வருவதற்குள் ஒரு வருஷம் ஓடிவிடும். அந்தப் பதில் ஒரு சாவைச் சொன்னால், அழுகை அதற்குள் அங்கே ஓய்ந்துபோயிருக்கும்.

மார்த்தாவின் அன்றாடத்தை நினைத்தால் எனக்கு முதலில் தோன்றுவது அவருடைய பதவிதான். அப்படி ஒன்று அவருக்கு இல்லை. சங்கத்தின் கணக்கில் மிஷனரி என்றால் கணவர். சம்பளம் அவருக்கு, அறிக்கை எழுதுவது அவர், ஆணை பெற்றவர் அவர். மனைவி அறிக்கைகளில் "மிஸஸ் மால்ட்" என்று வருவார். பள்ளிக்கூடத்தைப் பற்றிய பத்தியில் வருவார். ஆனால் விடிந்தது முதல் விளக்கணைக்கும் வரை வாசலுக்கு வருகிற பெண்கள் எல்லாரும் அவரைத் தேடித்தான் வந்தார்கள். ஆண் பாதிரி ஊருக்குள் போனால் பெண்கள் கதவுக்குப் பின்னால் போவார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் புருஷன் அடித்தான் என்றாலும் இந்த அம்மாளிடம்தான் பேச முடியும். அதற்கு அவருக்குத் தமிழ் வேண்டியிருந்தது. சந்தையில் பேசும் தமிழ், அழும்போது பேசும் தமிழ்.

பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை அவர் வருவதற்குச் சற்று முன்பே, அதே 1819-ல், மீட்டின் மனைவி ஜொஹான்னா தொடங்கியிருந்தார். தஞ்சாவூரில் ஊழியம் செய்த ஹோர்ஸ்ட் பாதிரியாரின் மகள் அவர். இன்று டதி பள்ளி என்று நாகர்கோவிலில் எல்லாருக்கும் தெரிந்த பள்ளியின் வேர் அது. மீட் குடும்பம் பிறகு நெய்யூருக்குப் போனது. நாகர்கோவில் பள்ளி மார்த்தாவின் கையில் வளர்ந்தது.

பெண்ணைப் படிக்க அனுப்பு என்று அந்தக் காலத்துத் தென்திருவிதாங்கூரில் ஒரு பனையேறிக் குடும்பத்திடம் கேட்பது என்னவென்று யோசித்துப் பாருங்கள். ஆண் விடியுமுன் பனையேறி அக்கானி, அதாவது பதநீர், இறக்கிக் கொண்டுவந்தால், அதைச் சருகு எரித்துக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவது பெண்கள் வேலை. அக்கானி காத்திருக்காது, காலையிலேயே காய்ச்சாவிட்டால் புளித்துவிடும். சருகு பொறுக்க, அடுப்பைப் பார்க்க, கைக்குழந்தையை வைத்துக்கொள்ள ஒரு பெண்பிள்ளை வீட்டில் இருந்தே ஆகவேண்டும். அவளைப் பள்ளிக்கு விட்டால் வீட்டில் ஓர் ஆள் குறைகிறது. விடுதியில் வைத்துச் சோறு போட்டால்தான் அனுப்புவார்கள். சோற்றுக்குப் பணம்? மிஷன் சங்கம் தருகிற காசு ஆண்பிள்ளைகள் படிப்புக்கும் கட்டடத்துக்குமே சரியாக இருந்தது.

மார்த்தாவுக்குத் தெரிந்த ஒரு தொழில் இருந்தது. தலையணையில் பின்னும் ரேந்தை. இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன் மாகாணத்தில் ஹானிட்டன் என்று ஓர் ஊர். அந்த ஊரைத்தான் நாகர்கோவில் ரேந்தையின் தாய்வீடு என்று சொல்வார்கள். 1840-ல் விக்டோரியா மகாராணி கல்யாணத்துக்கு உடுத்திய ரேந்தை ஹானிட்டன் பாணியில், டெவன் கடற்கரைப் பெண்கள் பின்னியது. மகாராணி அதைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம், அந்தத் தொழில் அப்போது செத்துக்கொண்டிருந்தது. ஜான் ஹீத்கோட் என்பவர் 1809-ல் ரேந்தை வலை பின்னும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். லஃப்பரோவிலிருந்த அவருடைய ஆலையை 1816-ல் கைத்தொழிலாளர்கள் உடைத்தெறிய, அவர் தொழிற்சாலையையே தூக்கிக்கொண்டு டெவனில் இருக்கும் டிவர்ட்டனுக்கு வந்துவிட்டார். கையால் பின்னியவர்களின் வாசலிலேயே இயந்திரம் வந்து உட்கார்ந்தது. அங்கே கைகள் வேலையிழந்துகொண்டிருந்த அதே வருஷங்களில், இங்கே நாகர்கோவிலில் கருப்பட்டிச் சூட்டில் காய்த்துப்போன கைகள் அந்த வேலையைப் படிக்கத் தொடங்கின.

எப்படிப் படித்திருப்பார்கள் என்று எனக்குத் தெரிவதெல்லாம் பெரியம்மையின் கையைப் பார்த்துத் தெரிந்ததுதான். முதலில் தடித்த அட்டையில் கோலம். கோலம் என்றுதான் அவள் சொல்வாள். நம் புள்ளிக்கோலம் மாதிரியே அதிலும் புள்ளிகள் உண்டு. ஒவ்வொரு புள்ளியிலும் ஊசியால் துளை. அட்டையைத் தலையணையில் பொருத்தி, நூல் சுற்றிய கட்டைகளைச் சோடி சோடியாகத் தொங்கவிட வேண்டும். பிறகு கையில் நான்கு கட்டைகள். இரண்டே அசைவு: ஒன்றைத் தாண்டி ஒன்றை மாற்றுவது, ஒன்றின்மேல் ஒன்றை முறுக்குவது. ரேந்தையில் இருக்கும் பூ, இலை, கொடி, சிலந்தி எல்லாம் இந்த இரண்டு அசைவுகளின் கணக்கு மட்டும்தான். ஒவ்வொரு முடிச்சையும் அதனதன் இடத்தில் நிறுத்த அட்டைத் துளையில் ஒரு குண்டூசி. வேலை முன்னேற முன்னேறப் பின்னாலிருக்கும் ஊசியைப் பிடுங்கி முன்னால் குத்த வேண்டும். ஊசி பின்னுவதில்லை, காவல் மட்டும் நிற்கிறது. பின்னி முடித்து ஊசிகளை எடுத்துவிட்டால் நூல் தானாக நிற்க வேண்டும். நின்றால் ரேந்தை. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தாலும் நுண்மையான வேலை என்றால் சில விரற்கடை நீளம்தான் வரும்.

"கண்ணு பாக்காண்டாம் மக்களே, கையி பாத்துக்கிடும்" என்பாள் பெரியம்மை. ஆனால் அவள் அம்மாவுக்கு நாற்பது வயதிலேயே பார்வை மங்கியது என்பதையும் அவள்தான் சொன்னாள். சிம்னி விளக்கு வெளிச்சத்தில் வெள்ளை நூலை வெள்ளை நூல் தாண்டுவதைப் பார்த்துப் பார்த்து மங்கிய கண்கள். இதைச் சொல்லாமல் ரேந்தையின் அழகைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பின்னிய ரேந்தையை இந்தியாவிலிருந்த ஐரோப்பியக் குடும்பங்களுக்கும் இங்கிலாந்துக்கும் விற்றார்கள். அந்தப் பணத்தில் விடுதிப் பிள்ளைகளின் சோறும் பெண்பள்ளிகளும் நடந்தன. பின்னிய பெண்களுக்குக் கூலி கிடைத்தது. அந்தக் கூலி ஓர் இடத்தில் என்ன வாங்கியது என்று படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். திருவிதாங்கூரில் அப்போது மனிதர்களை விற்கவும் வாங்கவும் அடகு வைக்கவும் முடியும். புலையர், பறையர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வயலோடு கைமாறின. விடுதிப் பள்ளியில் அப்படிப்பட்ட அடிமைப் பெண்பிள்ளைகளும் இருந்தார்கள். தாங்கள் பின்னிய ரேந்தையின் கூலியைச் சேர்த்துவைத்து, தங்கள் எஜமானிடம் கட்டி, அவர்கள் தங்களைத் தாங்களே மீட்டுக்கொண்டார்கள். கதவே இல்லாத சுவரில் நூலை வைத்து ஒரு வாசல் செய்தவர்கள் அவர்கள். 1847-ல் மிஷனரிகள் சேர்ந்து அடிமை முறையை ஒழிக்கும்படி மகாராஜாவுக்கு மனு கொடுத்தார்கள். 1855-ல்தான் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா அடிமை ஒழிப்பு அறிவிப்பு வெளியிட்டார். முழம் முழமாகத் தன் விடுதலையைப் பின்னிய பெண்ணுக்கு அந்த அறிவிப்பு வரும்வரை காத்திருக்கத் தோன்றவில்லை.

இதே பெண்கள் ஊருக்குள் நடக்கும்போது மார்பை மூட முடியாது. சாணார் என்று அன்று அழைக்கப்பட்ட நாடார் பெண்களும் அவர்களுக்குக் கீழே வைக்கப்பட்ட சாதிப் பெண்களும் மேல்சாதியாருக்கு முன்னால் மேலாடை இல்லாமல் நிற்க வேண்டும் என்பது நடைமுறை. கிறிஸ்தவர்களான பெண்கள் குப்பாயம் என்ற தளர்வான சட்டை போட்டுக்கொள்ளலாம் என்று மன்றோ காலத்தில் அனுமதி வந்தது. மிஷனரி மனைவிமார் அதை வெட்டித் தைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் பெண்கள் குப்பாயத்தோடு நிற்கவில்லை. மேல்சாதிப் பெண்களைப் போலத் தோளில் சீலையும் போட்டார்கள். 1822 முதல் சந்தைகளில் சீலையைப் பிடித்து இழுப்பதும் கிழிப்பதும் நடந்தது. 1820-களின் பிற்பாதியில் பள்ளிக்கூடங்களும் ஜெபக்கூடங்களும் எரிந்தன. 1829 அரசாணை குப்பாயத்துக்குச் சரி என்றது, தோள்சீலைக்கு இல்லை என்றது.

மார்த்தாவின் பள்ளியில் அந்த வருஷங்களில் ஒரு மதியத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். வரிசையாக உட்கார்ந்து பெண்கள் பின்னுகிறார்கள். மடியில் வளர்வது யாரோ ஒரு துரைசானியின் கழுத்துப்பட்டைக்கான ரேந்தை. பின்னுகிறவளுடைய சொந்தச் சீலை நேற்றுச் சந்தையில் கிழிக்கப்பட்டிருக்கிறது. அந்த இரண்டு துணிகளும் ஒரே மடியில் கிடந்திருக்கும் என்று நினைக்கும்போது, மானம் என்றதும் நம் ஊரில் துணி நினைவுக்கு வருவது ஏன் என்று புரிகிறது.

1858-ன் முடிவிலும் 1859-ன் தொடக்கத்திலும் கலவரம் மறுபடி மூண்டது. சென்னை கவர்னராக இருந்த சார்லஸ் ட்ரெவெல்யான் அழுத்தம் கொடுத்தார். 1859 ஜூலை 26-ல் மகாராஜாவின் அறிவிப்பு வந்தது: நாடார் பெண்கள் மேலாடை அணியத் தடையில்லை. அப்போதும் ஒரு நிபந்தனை ஒட்டியிருந்தது, மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற முறையில் உடுத்தக்கூடாது என்று. அந்த ஆணைகளெல்லாம் புறப்பட்ட அரண்மனைக் கோட்டைக்குப் பெரியம்மை வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். பத்மநாபசாமி கோயிலுக்கு வரும் உறவினர்களை அழைத்துக்கொண்டு எத்தனையோ தடவை அந்த வழியாக நடந்திருக்கிறேன். யாருக்கு எந்தத் துணி எவ்வளவு என்று அளந்துகொடுத்த கோட்டை அது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அதே கோட்டைக்குள் 1864-ல் அகஸ்டா பிளாண்ட்ஃபோர்டு என்ற இங்கிலாந்துப் பெண், மேல்சாதிப் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி தொடங்கினார். கோட்டை மிஷன் பள்ளி என்று அது இன்றும் இருக்கிறது. அது வேறு வீடுகளின் கதை. ஆனால் அங்கேயும் ஒரு பெண் தனியாகக் கடல் தாண்டி வந்து, வாசல் வாசலாகப் போய்ப் பிள்ளைகளைக் கேட்டுத்தான் பள்ளியைத் தொடங்க வேண்டியிருந்தது.

அப்படி வாசல் வாசலாகப் போகிறவர்கள் இன்றும் உண்டு. சில வருஷங்களுக்கு முன் பெங்களூர் ரயில் நிலையத்தில் வெள்ளைச் சட்டை, டை, மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டையோடு இரண்டு இளைஞர்களைப் பார்த்தேன். மார்மன் மிஷனரிகள். அந்தச் சபையில் ஆண்பிள்ளைகள் பதினெட்டு வயதிலேயே இப்படிக் கிளம்பலாம். இரண்டு வருஷம், சொந்தச் செலவு, எங்கே என்பதைச் சபை சொல்லும். எப்போதும் இரண்டு பேராகத்தான் இருக்க வேண்டும். 2019 முதல் வாரம் ஒரு தடவை வீட்டாரோடு பேசலாம் என்று விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவனிடம் இங்கே எது கஷ்டம் என்று கேட்டேன். வெயிலைச் சொல்வான், காரத்தைச் சொல்வான் என்று நினைத்தேன். "கதவைத் தட்டிவிட்டு நிற்கிற நேரம்" என்றான். உள்ளே யாரோ நடந்துவருவது கேட்கும், என்ன முகம் வரும் என்று தெரியாது, அந்தச் சில நொடிகளில்தான் தினமும் ஜெபம் பண்ணுகிறேன் என்றான். அவன் வயதில் நான் அவ்வளவு உண்மையாக எதையும் சொன்னதில்லை.

அவன் சபையின் முன்னோர்கள் நம்மூருக்கு வந்த கதையைப் பிறகு தேடிப் படித்தேன். 1852 ஆகஸ்டில் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் கூடிய சபை மாநாட்டில் பெயர் அழைத்துப் பலரை உலகமெங்கும் அனுப்பினார்கள். இந்தியாவுக்கு என்று பெயர் வந்தவர்களில் ஒருவர் ரிச்சர்ட் பாலன்டைன், ஸ்காட்லாந்தில் பிறந்தவர், ரொட்டி சுடும் தொழில் கற்றவர். 1849-ல் சால்ட் லேக்கில் தன் வீட்டிலேயே பிள்ளைகளைக் கூட்டி அந்தச் சபையின் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவரும் அவர்தான். கல்கத்தா வழியாக 1853 ஜூலையில் தோழர்கள் இருவரோடு சென்னையில் இறங்கினார். பையும் பணமும் எடுத்துப் போகக்கூடாது என்ற வேதவாக்கை அப்படியே கைக்கொண்டு, யார் கொடுக்கிறார்களோ அவர்கள் சோற்றில் வாழ்ந்தார். துண்டுப் பிரசுரங்கள் அச்சடித்தார். ஐரோப்பியர்களிடமும் பட்டாளத்துக்காரர்களிடமும் ஆங்கிலத்தில் பிரசங்கித்தார். நோயும் எதிர்ப்பும் தளர்த்த, ஒரு வருஷத்தில், 1854 ஜூலையில், கப்பலேறிவிட்டார். விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே அந்தச் சபையில் சேர்ந்தார்கள்.

பாலன்டைனின் விசுவாசத்தில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. கையில் காசில்லாமல் உலகத்தைச் சுற்றிவர நெஞ்சுறுதி வேண்டும். ஆனால் அவர் சென்னைக் கரையில் இறங்கிய நாளில் மார்த்தா நாகர்கோவிலில் முப்பத்து நான்காவது வருஷத்தில் இருந்தார். மார்த்தா கதவைத் தட்டவேண்டிய காலம் எப்போதோ போய்விட்டது. அவர் சொல்லிக் கொடுத்த பெண்களின் பெண்கள் அப்போது பின்னிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் ஒரே வேதத்தை நம்பி வந்தவர்கள்தான். மார்த்தா தமிழுக்குள் வந்து குடியிருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அது சின்ன வித்தியாசம் இல்லை.

அந்தக் குடியிருப்புக்குச் சாட்சி அவருடைய மகள் எலைசா. நாகர்கோவிலில் வளர்ந்தவள், தமிழ் அவளுக்குப் படித்து வந்த மொழி இல்லை, விளையாடி வந்த மொழி. 1844 மார்ச்சில் அவளைக் கட்டிக்கொண்டவர் ராபர்ட் கால்டுவெல். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-ல் எழுதி வெளியிட்ட அதே கால்டுவெல். மார்த்தாவுக்கு மருமகன். இடையன்குடியின் தேரிமணலுக்கு எலைசா போனபோது ரேந்தையும் கூடப் போனது. அங்கேயும் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி, அங்கேயும் தலையணைகள், கட்டைகள். இடையன்குடி ரேந்தை என்று அதற்குத் தனிப்பெயரே உண்டானது. கால்டுவெல்லைப் பற்றி நம்மவர்கள் எவ்வளவோ எழுதியிருக்கிறோம். வீட்டுக்குள் தமிழைத் தாய்மொழிபோலப் பேசிய ஒரு மனைவி அவர் பக்கத்தில் இருந்ததை இன்னும் கொஞ்சம் எழுதலாம்.

மால்ட் தம்பதி 1850-களின் நடுவில் இங்கிலாந்து திரும்பினார்கள். முப்பத்தைந்து வருஷம். சார்லஸ் விட்டுப்போனது சபைகள், கட்டடங்கள், அச்சகம். மார்த்தா விட்டுப்போனது பெண்களின் விரல்களில் இருந்தது. அவருக்குப் பின்னால் வந்த மிஷனரி மனைவிமார் அதை வளர்த்தார்கள். நெய்யூரில் பூத்தையல் சேர்ந்துகொண்டது. 1897-ல் முளகுமூட்டுக்கு வந்த பெல்ஜியத்துக் கன்னியர் தங்கள் நாட்டு ரேந்தை முறையைக் கொண்டுவந்தார்கள். கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீசுவரம் பக்கங்களில் மதியத்துக்கு மேல் வாசற்படியில் தலையணையோடு உட்காராத வீடு குறைவு என்னும் நிலை வந்தது.

அந்தத் தலையணை அந்த வீடுகளை மாற்றியது. கருப்பட்டி அடுப்பிலிருந்து பெண் நிழலுக்கு வந்தாள். கை சுத்தமாக இருக்க வேண்டும் என்ற ஒரு சட்டம் வீட்டுக்குள் வந்தது. அழுக்குக் கைபட்டால் நூல் காட்டிக்கொடுத்துவிடும். புருஷன் கையிலிருந்து வராத ஒரு காசு அவள் முந்தானையில் முடிந்திருந்தது. மகளைப் பள்ளிக்கு அனுப்புவதற்கான காசு. மார்த்தா மனதில் வைத்திருந்தது ஒரு கிறிஸ்தவ இங்கிலாந்து வீட்டின் பெண். வீட்டுக்குள் அமைதியாக உட்கார்ந்து தையல் வேலை செய்கிற பெண். அதில் ஒரு வேலியும் இருந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்வதை நான் மறுக்கமாட்டேன். வயலில், சந்தையில் நடமாடிய பெண்ணை வாசற்படியில் உட்கார்த்திவைத்ததும் இதே தலையணைதான். மாதக்கணக்கில் பின்னியதைப் பின்னியவளைவிட விற்றவர்கள் அதிகம் அனுபவித்ததும் உண்டு. பெரியம்மையின் அம்மா பின்னிய மேசைவிரிப்பு எந்த மேசையில் கிடக்கிறது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. அப்படி ஒரு மேசையே அவர் வீட்டில் இருக்கவில்லை.

1956 நவம்பர் 1-ல் நாகர்கோவில், இன்று தமிழ்நாடு எனப்படும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. திருவனந்தபுரம் கேரளத்தின் தலைநகரானது. பெரியம்மை கல்யாணமாகி வந்தபோது அவள் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு வந்தாள். ஆனால் ரேந்தைக்கு அந்த எல்லை தெரியாது. ஸ்ரீவராகத்தில் அவளுக்குச் சீக்கிரமே வேலை வந்தது: தலையணை உறையின் ஓரம், ஞானஸ்நானக் குழந்தையின் தொப்பி, பாளையம் பக்கத்திலிருந்து ஒரு கல்யாணப் பெண்ணின் முக்காடு. பிறகு மிஷின் ரேந்தை சாலைக் கம்போளத்தில் மீட்டர் கணக்கில் வந்தது. கைவேலைக்கு ஆள் வருவது நின்றது. அவள் நிறுத்தவில்லை.

ஏன் என்று ஒரு தடவை கேட்டேன். அப்போது பெரியப்பா இறந்து ஒரு வருஷம். அவள் தலையணையை என் பக்கம் திருப்பி, நட்டுவைத்த குண்டூசிகளைக் காட்டினாள். "இது ஒங்க பெரியப்பா. இது தங்கச்சி மவன், துபாய்ல இருக்கான்லா, அவன். இது அடுத்த வீட்டு அம்மாவுக்கு ஆப்பரேசன் சொல்லியிருக்கு, அவங்க. ஒரு ஊசி குத்தும்போ ஒரு பேரு சொல்லிக்கிடுவேன். எடுத்து முன்னால குத்தும்போ மறுபடியும் சொல்லிக்கிடுவேன். கேட்டியா மக்களே, ஜெபத்துக்குன்னு தனியா நேரம் எங்க கெடைக்கும்?" அவள் அம்மாவும் அப்படித்தானாம். அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று அவளுக்குத் தெரியாது.

மார்த்தா அப்படி ஜெபித்தாரா என்று எந்தப் பதிவிலும் நான் பார்த்ததில்லை. ஆனால் தாய்வீட்டுக் கடிதத்துக்கு ஒரு வருஷம் காத்திருந்தவர், அந்தக் காத்திருப்பை எங்கேயாவது குத்திவைத்திருக்க வேண்டும்.

கடைசியாக ஸ்ரீவராகம் போனபோது பெரியம்மைக்குப் பக்கத்தில் அடுத்த வீட்டுப் பேத்தி உட்கார்ந்திருந்தாள், ஐந்தாம் வகுப்பு. சின்னத் தலையணை, ஆறு சோடிக் கட்டை. வாய்க்குள் மலையாளத்தில் எண்ணிக்கொண்டே மாற்றுகிறாள், முறுக்குகிறாள். எங்கேயோ ஒரு முறுக்கு விட்டுப்போய், நாலு விரற்கடை தள்ளித்தான் பெரியம்மைக்குத் தெரிந்தது. ரேந்தையில் தப்பை மூடி மறைக்க முடியாது. தப்பு நடந்த இடம்வரை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டு திரும்பி வர வேண்டும். பெண்ணின் கண்ணில் தண்ணீர். பெரியம்மை தன் தலையணையை ஒதுக்கிவைத்துவிட்டு அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"பிரி மோளே. நானும் கூட இருக்கேன்லா" என்றாள்.

கோயிலில் தீபாராதனைக்கு மணி அடித்தது. இருவரும் நிமிரவில்லை. கட்டைகள் பின்னோக்கி அசையும் சத்தம் வேறு மாதிரி இருந்தது, இன்னும் மெதுவாக.